சலிக்காத மாவு

கோதுமை நம் சீமைப் பயிரன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மானாவாரி நிலம் கம்பையும் சோளத்தையும் குதிரைவாலியையும் பருத்தியையும் அறியும். எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கோதுமை வந்தது வயலிலிருந்து அல்ல. நியாய விலைக் கடையிலிருந்து. அப்படி வந்த விருந்தாளிக்கு நாம் கொடுத்த இடந்தான் விசித்திரமானது. ஒன்று, நோயாளியின் கஞ்சி. இல்லையேல் நீரிழிவு கண்டவரின் இரவுச் சப்பாத்தி. ரொட்டியென்றால் மட்டும் கடைக்கு ஓடுகிறோம். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கச் செல்லும்போது ஒரு ரொட்டிப் பொட்டலமாவது கையில் இருக்க வேண்டுமென்பது நம்மிடையே எழுதப்படாத சட்டம்.

அந்தப் பொட்டலத்தைச் சற்றுத் திருப்பிப் பார்க்குமாறு சகோதரிகளை வேண்டுகிறேன். முன்புறம் 'கோதுமை ரொட்டி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்புறத்துச் சேர்மானப் பட்டியலில் அளவில் மிகுந்த பொருளே முதலில் வரவேண்டும் என்பது விதி. பல பொட்டலங்களில் அந்த முதலிடம் மைதாவுக்கே. பழுப்பு நிறத்தைக் கண்டும் ஏமாற வேண்டாம்; சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் சாயத்தாலும் அந்நிறம் வரும். மாவு நன்றாக உப்புவதற்காகச் சேர்க்கப்பட்டு வந்த பொட்டாசியம் புரோமேட் என்னும் இரசாயனம் நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில்தான் தடை செய்யப்பட்டது.

மைதாவும் கோதுமையிலிருந்து வருவதே. ஒரு கோதுமை மணியில் மேலுறையான தவிடு ஏறக்குறைய 14 விழுக்காடு; முளைக்கரு இரண்டு, மூன்று விழுக்காடு; எஞ்சியது மாவுச்சத்து மிகுந்த உட்பகுதி. நார்ச்சத்தும் இரும்பும் 'பி' வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலுமே தங்கியுள்ளன. இவ்விரண்டையும் நீக்கிய பின் கிடைப்பது மைதா. முளைக்கருவிலுள்ள எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். அதை நீக்கிவிட்டால் மாவு நெடுநாள் கெடாது. வணிகருக்கு அது வசதி, உண்பவருக்கு இழப்பு.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. நபி (ஸல்) அவர்கள் சலித்த வெண்மாவு ரொட்டியைக் கண்டதுண்டா என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. நபித்துவம் பெற்றது முதல் வஃபாத்தாகும் வரை பெருமானார் அதைக் கண்டதில்லை என்றார்கள் அந்தத் தோழர். சல்லடையும் அவர்களிடம் இருந்ததில்லை. வாற்கோதுமையை அரைத்து, வாயால் ஊதுவார்களாம். பறக்கும் உமி பறந்துபோகும். மிஞ்சியதை நீர் விட்டுப் பிசைந்து உண்பார்களாம்.

இதைச் சொல்லி, இனி வீட்டில் கோதுமை மாவைச் சலிக்க வேண்டாம் என்றபோது என் தாயார் உடன்படவில்லை. அவர்களுடைய இளமை கம்பங்கூழிலும் சோளக்களியிலும் கழிந்தது. சலித்த மாவும் வெள்ளைச் சோறும் வந்த பிறகே குடும்பம் தலைநிமிர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். விருந்தாளியின் முன்னே தவிட்டு ரொட்டியை வைப்பதா என்று கேட்டார்கள். வறுமையைக் கண்டவர்களின் கேள்வி அது. அதில் நியாயம் இருந்தது. மேலும், சுன்னத் என்னும் சொல்லைக் கொண்டு ஒரு முதியவரை வாயடைக்கச் செய்வது எனக்கு உவப்பானதன்று. ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை நோய். ஆகவே வாதத்தை விட்டுவிட்டு மாவைக் கையில் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதரஸாவுக்கு விடுமுறை. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பிசைவது என் பொறுப்பு. நபியவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, மாவு பிசைவதில் ஆண்மகனுக்கு என்ன இழுக்கு?

கோதுமையைக் களைந்து, நன்கு உலர்த்தி, மில்லில் அரைத்து வாங்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் பரப்பி ஆறவிடுங்கள். அரைக் கிலோ மாவுக்கு 350 மில்லி தண்ணீர் போதும். மாவு இழுத்தால் இன்னும் சிறிது சேர்க்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவத்தில் வெதுவெதுப்பாக்கிய அந்த நீரில் சிறிதளவை எடுத்து, இரண்டு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்டும் ஒரு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரையும் கரைத்தால் பத்து நிமிடத்தில் நுரைத்து வரும். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மீதித் தண்ணீர் யாவும் சேர்த்துக் கலந்து அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். தவிடு நீரை உறிஞ்சுவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். வறண்ட காற்று மேலே ஆடை கட்டச் செய்யுமாதலால் ஈரத்துணியால் மூடி வையுங்கள். பொங்கியதை அமுக்கி, எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மீண்டும் அரைமணி நேரம்.

பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்த வீட்டுக்கு ஓவன் எதற்கு? கனத்த சட்டியில் ஓரங்குலம் மணல் பரப்பி, முற்றத்து அடுப்பில் சூடேற்றி, தகரத்தை உள்ளே வைத்து, இரும்புத் தட்டால் மூடி, அதன்மேல் கங்குகளைப் பரப்பினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் ரொட்டி வெந்துவிடும். நிலத்தையெல்லாம் விழுங்கிய சீமைக் கருவேலம் இந்த ஒரு காரியத்துக்காவது கரியாகி உதவுகிறது. அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுக்குடம்போல் ஒலிக்க வேண்டும். முற்றும் ஆறிய பின்னரே அறுக்க வேண்டும்; பிள்ளைகளைத் தடுத்து வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

கடை ரொட்டியைப்போல் இது பஞ்சாக உப்பாது. தவிட்டின் கூரிய துணுக்குகள் மாவின் இழைகளை அறுத்துவிடுவதே காரணம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முழுக் கோதுமை மருந்தன்று. அதுவும் மாவுச்சத்தே, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். கோதுமைதானே என்று நீரிழிவுக்காரர்கள் ஐந்தாறு சப்பாத்தி உண்பதை நம் வீடுகளில் அன்றாடம் காண்கிறோம். என் தாயாருக்கு வேளைக்கு இரண்டே துண்டுகள். அதை அளந்து வைப்பது என் மனைவி.

இரண்டாம் நாள் ரொட்டி விறைத்துவிடும். எறிய வேண்டாம். ஆட்டுக்கறி ஆணத்தில் பிய்த்துப் போட்டு ஊறவிட்டால் அதுவே ஸரீத். மற்ற உணவுகளைவிட அதற்குள்ள மேன்மையை உவமையாக்கித்தான் அன்னை ஆயிஷாவின் சிறப்பை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். தவிட்டு ரொட்டியை விருந்தாளிக்கு வைக்க என் தாயார் இன்றளவும் சம்மதிப்பதில்லை. ஆணத்தில் ஊறிய துண்டுகளை மட்டும், பல்லுக்கு இதமாக இருக்கிறதென்று, சனிக்கிழமை பகலில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.