ரிச்சி தெருவில் ஓர் ஆட்குறைப்பு!

மவுண்ட் ரோடிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால், நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். 'சார், சிசிடிவி வேணுமா? லேப்டாப் சார்ஜரா?' என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். எனக்கு வேண்டியதோ ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயருக்கான சில்லறைச் சாமான்கள்.

விஷயம் இதுதான். 1994-ல் நான் திருக்குறள் ஒப்பிக்க, அப்பா பதிவு செய்த கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. நடுநடுவே அம்மாவின் குரல். அம்மா போய் நாலு வருஷமாகிறது. வீட்டில் உயிரோடு இருப்பது ஒரு பழைய வாக்மேன் மட்டும். அப்பாவோ காதில் எதையும் மாட்ட மாட்டார்.

ரெடிமேட் ஸ்பீக்கர் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும்தான். ஆனால் பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் பையன், ஒரு சர்க்யூட் பேப்பரை நீட்டி, "ரொம்ப ஈஸி அங்கிள்" என்று விட்டான். அந்த 'அங்கிள்' என்னை உசுப்பிவிட்டது.

நான் பி.காம். லிஸ்ட்டைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. எல்எம் 386 ஐ.சி., 10 கே வால்யூம் கண்ட்ரோல், ஸ்பீக்கர்... சரி, இவர்கள் வேலை செய்கிறவர்கள். 220 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள், 10 ஓம் ரெசிஸ்டர், 0.047 கெபாசிட்டர்... இவர்கள் எதற்கு? தண்டச் சம்பளம்! நாலு பேரையும் அடித்துவிட்டேன்.

வீட்டில் டாட் போர்டில் சால்டர் வைத்து, 9 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். 'தட்!' ஸ்பீக்கர் பேப்பர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. ஐ.சி.யைத் தொட்டால் விரல் சுட்டது. அப்பா எதிரில் உட்கார்ந்து, "என்னப்பா, பேசுறாளா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அதே கடை. கல்லாவில் இருந்த பெரியவர் போர்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்., ஐயா."

"அப்ப உங்க பாஷையிலேயே சொல்றேன். இந்த ஐ.சி. வர்ற சிக்னலை 20 மடங்கு ஆக்கும். 1-ம் காலுக்கும் 8-ம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட்டா 200 மடங்கு. வாக்மேனுக்கு 20 போதும். ஆனா அது வெளியே விடுற காலில் சப்ளையில பாதி, நாலரை வோல்ட், சும்மாவே நிக்கும். அது முதல். பாட்டு அதுமேல ஆடுற வட்டி. முதலை உள்ளேயே நிறுத்தி, வட்டியை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுற கேஷியர்தான் 220. அவரைத் தூக்கிட்டீங்க. மொத்த முதலும் ஸ்பீக்கர்ல போய்க் கொட்டிடுச்சு."

"100 மைக்ரோஃபாரட்?"

"பெட்டி கேஷ்! பாட்டுல 'தொம்'னு ஒரு அடி விழுந்தா திடீர்னு கரண்ட் கேக்கும். அடாப்டர்கிட்ட போய்ட்டு வர நேரமில்லே. பக்கத்துலயே கொஞ்சம் சேர்த்து வச்சிருந்து கொடுக்கும். அடாப்டரோட 'உம்'மையும் குறைக்கும்."

"இந்த 10 ஓம், 0.047?"

"சமாதானம் பேசுறவங்க. நம்ம காதுக்கு எட்டாத வேகத்துல ஐ.சி. தானா ஆட ஆரம்பிக்கும். அங்கே ஸ்பீக்கர் காயில் அதை அடக்காது. இந்த ரெண்டு பேரும் சேர்ந்து அடக்குவாங்க."

நாலு பேரையும் திரும்ப வேலையில் சேர்த்தேன். ஐ.சி.யும் புதுசு. ஆட்குறைப்பில் மிச்சம் பிடித்ததைவிட ஆட்டோ செலவுதான் அதிகம்!

அன்று ராத்திரி அப்பா எதிரில் பட்டனைத் தட்டினேன். மழலையில் என் குறள். பின்னணியில் ரேடியோ. திடீரென்று அம்மா:

"ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க... பிள்ளை சொல்றான் இல்ல!"

அப்பா ஒன்றும் பேசவில்லை. மெல்லக் கையை நீட்டி, அந்த 10 கே வால்யூமைக் கொஞ்சம் குறைத்தார்.