மாப்பிள்ளை காரும் என் சால்ட் அனாலிசிஸும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். திருமுல்லைவாயல் வீட்டுக்கு வந்து போன பலர், "என்ன சார், போர்டிகோல நின்ன வெள்ளை வண்டியக் காணோம்?" என்று கேட்டுவிட்டார்கள். வித்தாகிவிட்டது. விற்ற கதையைத்தான் எழுதுகிறேன்.

வண்டி மாப்பிள்ளையுடையது. 2017 மாடல் இக்னிஸ். ஜனவரியில் மகளும் அவரும் ஜெர்மனிக்குப் போனபோது, பூந்தமல்லியில் சம்பந்தி வீட்டு அபார்ட்மெண்டில் இருந்த வண்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "மாமா, நல்ல ஆளா பார்த்துக் குடுத்துடுங்க" என்று ஆர்.சி. புத்தகத்தையும் என் கையில் கொடுத்தார். மூனிச்சில் வாடகைக்கு வீடு எடுத்தால் மூன்று மாத வாடகை வரை டெபாசிட் கேட்கலாமாம். அந்தப் பணத்துக்கு இந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள்.

மே மாதம் முதல் ஆள் பார்க்க வருவதாகச் சொன்னதும், சும்மா இருக்காமல் நான் ஒரு வேலை செய்தேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடையில் மெழுகு பாலிஷ் டப்பா வாங்கி, பகல் பதினொரு மணி வெயிலில் வண்டி முழுக்கத் தேய்த்தேன். கதவு, பானெட், கூரை எல்லாம் முகம் பார்க்கலாம் போல வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் கீழே பார்க்க மறந்துவிட்டேன்.

கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவைச் சுற்றியும் அந்த வண்டியில் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பெயிண்ட் அடிக்காத, தொட்டால் சொரசொரவென்று இருக்கும் பிளாஸ்டிக். கதவைத் தேய்த்த துணி இறங்கிய இடமெல்லாம் அந்தப் பட்டையின் மேல் ஓரத்தில் பாலிஷ் ஏறி, சாயங்காலம் வெள்ளையாகக் காய்ந்து நின்றது. ஈரத்துணியால் துடைத்தேன், கறுப்பாகிவிட்டது. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி வெள்ளை. துடைத்தால் மறையும், காய்ந்தால் தெரியும். சோப்புத் தண்ணீர், ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் நார் என்று நான்கு நாள் போராடினேன். முப்பத்தி நான்கு வருடம் பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவன், மெழுகைத் தண்ணீரில் கரைக்கப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஒத்ததை ஒத்ததே கரைக்கும் என்று உங்களையெல்லாம் பெஞ்சு மேல் நிற்கவைத்துக் கேட்டவன் நான்தான்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, பீனட் பட்டர் தடவுங்க, அங்க எல்லாரும் அதத்தான் செய்வாங்க" என்றான். அதில் உள்ள எண்ணெய் மெழுகை இளக்கும், கடலைத் துகள் லேசாகச் சுரண்டும், யோசித்தால் நியாயம்தான். ஒரு பக்கம் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் போனது. மறுநாள் காலையில் சுவரிலிருந்து சக்கரம் வரைக்கும் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அவன் ஊரில் எறும்பு இல்லை போலிருக்கிறது. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். இரண்டு நாளைக்குப் பளபளவென்று மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் தெருப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் ஆவடியிலிருந்து ஒரு பையன் வந்தான். வங்கியில் வேலை. கூடவே அவன் அப்பா. எச்.வி.எஃப்.-இல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான். அப்பா உட்காரவே இல்லை. செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கக் கதவுக்குக் கீழே நின்றார். விரலால் ஒரு கோடு போல இழுத்துக் காட்டினார்.

"இது என்ன சார், ஒரே மட்டத்துக்கு வெள்ளையா ஒரு கோடு ஓடுது?"

மெழுகு போட்டு நானே கெடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். வாத்தியார் என்று அறிமுகம் செய்துகொண்ட பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "புழுதியா இருக்கும்" என்றேன்.

அவர் நகத்தால் சுரண்டினார். புழுதி அப்படி நகத்தில் ஏறாது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தத் தெருவுல டிசம்பர்ல தண்ணி எவ்வளவு நின்னுது சார்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் கம்பெனி கம்பெனியாகத் தண்ணீர் புகுந்ததும், ஆவடி பக்கம் வீடுகளுக்குள் ஏறியதும் உங்களில் பலர் பட்டது. எங்கள் தெருவில் முழங்கால் வரை நின்றது. எதிர் வீட்டுக்காரர் கார் சீட் வரை மூழ்கி, இன்ஷூரன்ஸ்காரர்கள் கிரேன் வைத்துத் தூக்கிப்போனார்கள். அதன்பிறகு இந்தப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீர் கோட்டைத்தான். என் மெழுகுக் கோடு அச்சு அசலாக அதே உயரத்தில் ஓடியது.

"இந்த வண்டி அப்ப பூந்தமல்லியில மேட்டுப் பார்க்கிங்ல இருந்துதுங்க" என்றேன். உண்மைதான். ஆனால் ஒரு நிமிடம் முன்னால் புழுதி என்று சொன்ன வாய் சொல்கிற உண்மைக்கு என்ன மதிப்பு? நான் கேட்டிருந்தது நான்கு லட்சத்துப் பத்தாயிரம். அவர் மூன்று இருபத்தைந்து என்றார். பிறகு, "அதுவும் யோசிச்சுதான் சொல்லணும்" என்று பையனை இறங்கச் சொல்லிக் கூட்டிப்போய்விட்டார்.

அன்று இரவு மாப்பிள்ளை போனில், "பரவால்ல மாமா, கிடைக்கிறத வாங்கிக்குங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. என் வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாலிஷ் டப்பாவை மட்டும் எடுத்து என் கண்ணில் படுகிற மாதிரி டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் 1994 பேட்ச் பையன் ஒருவனுக்குப் போன் செய்தேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஆனால் அந்த பேட்ச்காரர்களுக்குத் தெரிந்துவிடும். தொழிற்பேட்டையில் கார் பிளாஸ்டிக் பாகங்கள் அடிக்கும் மோல்டிங் யூனிட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், டேப் ஒட்டாம பாலிஷ் போட்டீங்களா?"

பிறகு அவன் வாத்தியார், நான் மாணவன். அந்தப் பட்டை பாலிபுரொப்பிலீன். 1954-இல் இத்தாலியில் நாட்டா ஒழுங்கான அமைப்பில் உருவாக்கிக் காட்டியது, 1963-இல் சீக்லரோடு சேர்ந்து நோபல் வாங்கியது எல்லாம் நான் அவனுக்கு நடத்திய பாடம். நான் நடத்தாதது அதற்குப் பிறகு வருவது. அந்தச் சொரசொரப்பு பிளாஸ்டிக்கில் தானாக வருவதில்லையாம். எஃகு அச்சின் உள்பக்கத்தை அமிலத்தால் அரித்து ஒரு கோலம் மாதிரி பண்ணுவார்கள். பிளாஸ்டிக் அந்தக் கோலத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தால் தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. "பெயிண்ட் மேல கிளியர் கோட் இருக்கு சார், கண்ணாடி மாதிரி. மெழுகு மேலாக நிக்கும், துணி எடுத்துடும். இங்க எல்லாம் குழி. உள்ள போய் உக்காந்துக்கும், துணி குழிக்குள்ள போகாது." கறுப்பு நிறம் கார்பன் பிளாக்கால் வருவது, வெயிலின் புற ஊதாக் கதிரை அதுதான் தாங்குகிறது. நம் ஊர் டன்லப் ஃபேக்டரி டயர்களைக் கறுப்பாக்கியதும் அதே கரிதான்.

மெழுகு காய்ந்தபின் வெள்ளையாகத் தெரிவது ஏன் என்று அவனிடம் நான் விளக்கினேன், கொஞ்சமாவது மானத்தைக் காப்பாற்ற. குழிக்குள் இருக்கும் மெழுகும் பாலிஷில் உள்ள நுண்துகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. தண்ணீர் இடைவெளியை நிரப்பினால் சிதறல் குறையும், கறை மறைந்த மாதிரி இருக்கும். காய்ந்தால் பழையபடி. நான்கு நாள் என்னை ஏமாற்றியது இதுதான்.

அவன் செய்த வேலையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் வண்டியை நிழலுக்கு மாற்றிக் கழுவினான். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினான். மெழுகு உருக வேண்டாம், இளகினால் போதும். பாலிஷில் போடும் கர்னௌபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தச் சூட்டுக்குப் போகிறேன் என்று ஹீட் கன் எடுத்தால் பட்டை நெளிந்துவிடும். இளகியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டிரையரை அணைத்து உள்ளே வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் திறந்தான். தீப்பற்றும் சாமான், இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது. துணியில் சில சொட்டு, மெதுவான டூத்பிரஷ், சொரசொரப்பின் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஊறவிடக் கூடாது. பம்பர், பட்டைக்குப் போகும் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் ரப்பரும் கலந்திருக்கும், அது எண்ணெயைக் குடித்து உப்பும். உடனே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். தின்னர் போடலாமா என்று கேட்டேன். "பட்டைக்கு ஒண்ணும் ஆகாது சார், பக்கத்துல இருக்கற பெயிண்ட் போயிடும்." கண்ணாடிக்கும் பட்டைக்கும் நடுவே பிரஷ் போகாத ஓரங்களில் ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அழித்தான். பென்சில் எழுத்து மாதிரி போய்விட்டது!

வலது பக்கம் முழுக்க முடிந்து, இடது பக்கம் வந்தபோது நான் அவனை நிறுத்தினேன். "இத அப்படியே விடு" என்றேன். பைத்தியமா என்பது போலப் பார்த்தான்.

ஆவடி வெல்டருக்குப் போன் போட்டேன். முதலில் ஆர்வம் காட்டவில்லை. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீங்க வந்தா அத சரி பண்ணணும். வண்டிய வாங்க வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. புதன்கிழமை தனியாக வந்தார்.

போர்டிகோவில் ஸ்டூல் போட்டு மூன்று கிண்ணம் வைத்திருந்தேன். தண்ணீர், வினிகர், டர்பன்டைன். உங்களுக்கு சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கும், அதே வரிசைதான். மெழுகு போட்ட கதையை எறும்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன். நான் தேய்த்தால் நம்ப வேண்டியதில்லை அல்லவா?

வெள்ளச் சேறு என்றால் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், கரைந்து வரும். அவர் தேய்த்தார். மறைந்தது. விசிறியால் வீசிக் காயவைத்தோம், திரும்ப வந்தது. எங்கள் தெரு போர் தண்ணீர் பக்கெட்டில் விடுகிற மாதிரி உப்புப் படிவாக இருந்தால் வினிகர் கரைக்கும். அதற்கும் அசையவில்லை. மூன்றாவது கிண்ணம். நாலு தேய்ப்பு, சோப்புத் தண்ணீர், துணி. காயவைத்துப் பார்த்தார். கறுப்பு, கறுப்பாகவே நின்றது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. விடக்கூடாதுதான். நான்கு சீட் பெல்ட்டையும் முழுசாக வெளியே இழுத்து அடிவரை சேற்று வரி இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்தார். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கோட்டைத் துடைத்துவிடலாம், பெல்ட்டின் அடியை யாரும் துடைப்பதில்லை.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே தின்னர் கொண்டாந்திருப்பேன்" என்றார். தின்னர் வேண்டாம் என்று என் மாணவன் சொன்ன காரணத்தை அவருக்குச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். காபி குடித்தோம். மூன்று தொண்ணூற்றைந்துக்கு முடித்தோம். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்துப் பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறை இன்னும் போகவில்லை, அதையும் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மீதி டர்பன்டைனையும் டூத்பிரஷ்ஷையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். டி.வி. மேல் இருந்த பாலிஷ் டப்பாவையும் நீட்டினேன். அது மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.