பட்டா இல்லாத விவசாயி

எங்கள் அப்பா ஆலங்குடிப் பக்கம் காலமெல்லாம் கூலிவேலை பார்த்தவர். போன வருஷம்தான் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, முதன்முதலாக ‘நம்ம வெள்ளாமை’ என்றார். வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் 2016-இல் வெளியிட்ட வம்பன் 8 உளுந்து விதைத்தோம். மஞ்சள் தேமலைத் தாங்கும். 65 முதல் 75 நாளில் அறுத்துவிடலாம். அங்கே யோசனை கேட்கப் போனால் யாரும் பட்டா கேட்கவில்லை. கடனுக்குப் போனால்தான் நண்பர்களே, சிட்டா, அடங்கல் எல்லாம்! 2019-இல் வந்த பி.எம். கிசான் பணம், வருஷத்துக்கு 6,000 ரூபாய், அதுவும் நிலத்துக்காரருக்கே. அவரோ திருச்சியில் கடை வைத்திருக்கிறார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே சட்டம் வந்திருக்கிறது. படித்துச் சொன்னேன்.

“பதியச் சொன்னா நிலத்தையே திருப்பிக் கேட்ருவாருடா தம்பி” என்றார் அப்பா. இந்தப் புரட்டாசிப் பட்டத்துக்கும் வாய்ச்சொல்லை நம்பித்தான் உழவு ஓட்டியிருக்கிறோம்.