ஏட்டில் புள்ளி கிடையாது

முப்பத்திரண்டு வருஷம் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடைக்காலத் தமிழ் நடத்தினேன். வகுப்பு பாதி, சுவடி பாதி என்று போன வாழ்க்கை. ஏடு படிக்க வரும் பிள்ளைகளுக்கு என் கையில் தங்கியதைச் சொல்கிறேன்.

கட்டை அவிழ்த்ததும் வாசிக்கப் பாயாதீர்கள். முதலில் ஏட்டெண்ணைச் சரிபாருங்கள். மெல்லிய தூரிகையால் நீளவாக்கில் தூசி தள்ளுங்கள். எழுத்து மங்கியிருந்தால் மையாட வேண்டும். முன்னோர் ஊமத்தையிலைச் சாற்றில் மாவிலைக் கரியைக் கலந்து தடவினார்கள். நாங்கள் விளக்குக்கரியை எலுமிச்சைப்புல் தைலத்தில் குழைத்துத் தடவித் துடைக்கிறோம். கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும்.

ஏட்டில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒரே உரு. முதல் வருஷம் ஒரு பிள்ளைத்தமிழ்ப் பிரதியில் ‘பால்’ என்று படியெடுத்துக் கொண்டுபோனேன். குழந்தைப் பாட்டில் பால் வராமல் வேறென்ன வரும் என்ற நினைப்பு. ஆசிரியர் ஏட்டைப் பார்க்கவே இல்லை. “வாய்விட்டுச் சொல்லுப்பா” என்றார். சொன்னேன். “இன்னொரு தரம்.” மூன்றாம் தரம் எனக்கே தளை தட்டியது. நிரையசை நிற்க வேண்டிய இடத்தில் நேரசையைப் போட்டிருந்தேன். அது சிலம்பின் பரல்.

உரை ஏட்டில் அந்தக் காதும் கைகொடுக்காது. சீர் இல்லை, எதுகை இல்லை. நடுநடுவே கிரந்த எழுத்து. மணிப்பிரவாளத்தில் உரைகாரர் எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லால் வாக்கியத்தை முடிப்பார் என்று பழகும்வரை ஒரே கட்டோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். குறுக்குவழி எனக்குத் தட்டுப்படவில்லை.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோனது. பின்னால் வந்த மணவாள மாமுனிகள் (1370–1443) அழிந்த பகுதிக்கு மட்டும் உரை செய்தார். பழைய உரை கிடைக்கும் இடம் வந்ததும் எழுத்தாணியை வைத்துவிட்டார். என்னை இந்த வேலையிலேயே பிடித்துவைத்தது அந்த அடக்கம்தான். பிரான்சில் ழோசப் பெதியே என்ற பேராசிரியரும் 1890-இல் பல பிரதிகளை ஒப்பிட்டுத் தாம் பதிப்பித்த பழம்பாட்டு ஒன்றை, 1913-இல் ஒரே நல்ல பிரதியை ஒட்டித் திரும்பப் பதிப்பித்தாராம். புதுச்சேரியில் இதைக் கேட்டபோது மனுஷன் பக்கத்து மேசைக்காரராகவே பட்டார்.

என்னிடம் படித்தவர்களில் நல்ல கை ஒரு சிவகாசிப் பெண்ணுக்கு. அவள் அம்மா ஓலைவெடி மடித்தவர். வறண்ட ஓலை நரம்போடு பிளக்கும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏட்டைக் கீழே கைகொடுத்துத்தான் தூக்கினாள். போன வாரம் அவள் எடுத்த படியைப் பார்த்தேன். பூச்சி அரித்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஐந்து புள்ளி வைத்து, ‘ஏடு சிதைவு’ என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.