அம்பனையில் கூடிய வகுப்பு

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் எண்பதுகளின் நடுவில் சாதாரண தரம் எழுதியவர்கள் ஒன்றுகூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரொறன்ரோவில் இருந்த அவர்களில் ஒருவர் உடனே விமானச்சீட்டு எடுத்துவிட்டார். கொழும்பிலிருந்து ரயில். 1990இல் போரால் நின்றுபோன காங்கேசன்துறைப் பாதை 2015 ஜனவரியில் மறுபடி திறந்ததால், பழையபடி தெல்லிப்பழை நிலையத்திலேயே இறங்க முடிந்தது.

பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய பள்ளி அது. அவருடைய மகன் ஜயரத்தினம் 1945 முதல் கால் நூற்றாண்டு அதிபராக இருந்து அதை வளர்த்தார். உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன இடம். அண்மைக் காலத்தில் பெண்கள் அணியும் அகில இலங்கைக் கிண்ணங்களை வென்றிருக்கிறது. வந்தவர் முதலில் மைதானத்துக்குத்தான் போனார். வெறுங்காலோடு பயிற்சி செய்த பிள்ளைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

மண்டபத்தில் கூட்டம் தொடங்கியபோது, அன்று வகுப்புத் தலைவியாக இருந்தவர் பழைய இடாப்பை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். குரலில் அதே கண்டிப்பு. ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஓர் ஊரைச் சொன்னார்கள்: ஸ்காபரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, வவுனியா. சில பெயர்களுக்கு "இல்லை" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். செத்தவர்களின் பெயரையும் விடாமல் வாசித்தது எவ்வளவு சரியான காரியம்!

"மச்சான், நீங்கள் மட்டுமே வெளிக்கிட்டனீங்கள்? பள்ளிக்கூடமும்தான் வெளிக்கிட்டது" என்றார் மயிலிட்டிக்காரர் ஒருவர்.

1990இல் வலிகாமம் வடக்கு காலியானபோது கல்லூரியும் தான் இருந்த அம்பனையை விட்டுப் போய் வேறு இடங்களில் இயங்கியது. பதுங்கு குழி, இடம்பெயர்வு, கடன் வாங்கிய வகுப்பறை என்று போன அந்தக் காலத்திலும் பாடம் நடந்தது, பரீட்சையும் நடந்தது. அதை நடத்திக் காட்டியவர்கள் ஊரோடு நின்ற ஆசிரியர்கள். புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பிய காசைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது பெருங்குறை.

மயிலிட்டிக்காரரின் குடும்பம் மல்லாகத்தில் நலன்புரி முகாமில் வளர்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகுதான் அவர் அப்பாவின் தொழிலுக்குத் திரும்பினார். வீட்டுக் கிணற்றைக் கண்டுபிடிக்கப் பற்றைகளை வெட்டிய கதையை அவர் சொல்ல, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் கேட்டார்கள்.

ரொறன்ரோக்காரர் நுழைவாயில் வளைவுக்கு ஒரு வரைபடம் கொண்டு வந்திருந்தார். தலைவி அதைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "வளைவு பிறகு பாப்பம். தூர இருந்து வாற பிள்ளையளுக்கு பஸ் காசு தாரும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இராணுவம் விடாத காணிகள் வலிகாமம் வடக்கில் இன்னும் இருக்கின்றன. அந்த மண்ணுக்குரிய குடும்பங்கள் வெளியூரில் வாடகைக்கு இருக்கின்றன. கல்லூரி அம்பனைக்குத் திரும்பிவிட்டது, சுற்றியுள்ள ஊர்கள் முழுதாகத் திரும்பவில்லை. லண்டன்காரர் ஒருவர் கடைசிவரை வளைவுக்காக வாதாடினார். மற்றவர்கள் பிள்ளைகளின் பட்டியலை அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினார்கள்.