கார் இல்லாதவர்களின் மில்டன் கீன்ஸ்

நெதர்ஃபீல்டில் எங்கள் வீடு ஒரு நீண்ட வரிசையின் பள்ளத்துப் பக்கத்தில் இருந்தது. நிலம் சரிந்துகொண்டே போனாலும் கூரையை ஒரே மட்டத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் மேட்டு முனை வீடுகள் குட்டையாகவும், பள்ள முனை வீடுகள் நெடுநெடுவென்றும் நிற்கும். படம் வரைந்தவருக்கு அது அழகாக இருந்திருக்கும். தட்டைக் கூரையில் தேங்கிய மழைத்தண்ணீருக்கு அந்த அழகு விளங்கவில்லை, வீட்டுக்குள் இறங்கிவிட்டது. “ஓட்டு வீட்டிலை இருந்திட்டு வந்து, வெள்ளைக்காரன்ரை ஊரிலை வாளி வைக்கிறன்” என்பா அம்மா.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. ஊரெல்லாம் வந்து பெற்றோல் அடித்துக்கொண்டு போகும், எங்களிடம் கார் இல்லை. மில்டன் கீன்ஸில் கார் இல்லாமல் இருப்பது ஊரின் கீழ்த்தளத்தில் குடியிருப்பது மாதிரி. மேலே கார்களுக்கான பெருந்தெருக்கள், ஏறக்குறைய கிலோமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். குறுக்கே போவது எச், நெடுக்கே போவது வி, இரண்டுக்கும் இலக்கம் உண்டு. எங்களுக்கு வடக்கே எச் 8. சந்திக்குச் சந்தி ரவுண்டபௌட். நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் சிவப்புத் தார் போட்ட தனிப் பாதை, ரெட்வே. பெருந்தெரு வந்தால் அது சத்தமில்லாமல் கீழே இறங்கி, சுரங்கத்தால் போய் மறுபக்கம் ஏறிவிடும்.

எச் 8இன் அடியால் போகும் சுரங்கம் எனக்கு இப்போதும் அங்குலம் அங்குலமாகத் தெரியும். மழை நாளில் நடுவில் தண்ணீர் நிற்கும், சுவரில் தோள் உரச ஓரத்தால் போகவேண்டும். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று சுவரில் பெயின்ற் அடித்திருப்பார்கள். நான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் பழகியதில் அந்தச் சுவருக்கும் பங்குண்டு. தலைக்கு மேலே லொறி போனால் கொங்கிறீட் ஒருமுறை ‘தம்’ என்னும். உள்ளே பெடியள் கூட்டமாக நின்றால், அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நடப்பா. அவர்கள் ஏதோ சொல்லுவார்கள், சிரிப்பார்கள். “எனக்கு விளங்கேல்லை, அதாலை பரவாயில்லை” என்பா வெளியே வந்ததும். எனக்கு விளங்கியது. சொல்லவில்லை.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் 1984இல் திறந்த ஆஸ்பத்திரி. தங்கை பிறந்த இரவு அம்மா வலியோடு அந்த வழியால் நடந்தேதான் போனா. ஒரு கையில் பையும் மறுகையில் ரோச் லைற்றுமாக அப்பா முன்னால் போனார்.

லண்டனின் வீட்டு நெருக்கடியைத் தணிக்க, பக்கிங்ஹாம்ஷயரில் ஏறக்குறைய 22,000 ஏக்கரை வளைத்து இந்த நகரத்தை 1967 ஜனவரி 23இல் அறிவித்தார்கள். பிளெட்ச்லி, வோல்வர்ட்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பழைய ஊர்களும் பல கிராமங்களும் உள்ளே அகப்பட்டன. அப்படி அகப்பட்ட ஒரு சின்னக் கிராமத்தின் பெயர்தான் மில்டன் கீன்ஸ். இரண்டரை லட்சம் பேருக்கு என்று கணக்கு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரெட் பூலி என்ற கவுண்டிக் கட்டடக் கலைஞர் வேறொரு படம் போட்டிருந்தார். நகரமெங்கும் மோனோரெயில், எந்த வீட்டிலிருந்தும் ஏழு நிமிட நடையில் ஒரு ஸ்ரேஷன், பயணம் இலவசம். அதைத் தள்ளி வைத்துவிட்டு, நாளைக்கு எல்லாரிடமும் கார் இருக்கும் என்ற நம்பிக்கையில் தெருக்களைப் போட்டார்கள். வளர்ந்த பிறகு பூலியின் கதையைப் படித்தபோது, பெருந்தெரு ஓரத்து பஸ் தரிப்பில் சாமான் பைகளோடு காற்றுக்கு முதுகு காட்டி நின்ற அம்மாதான் கண்ணில் வந்தா. அந்த நம்பிக்கைக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

பெரியப்பா முதல்முறை லண்டனிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர். மூன்று மணிக்கு ரெலிபோன் அடித்தது.

“தம்பி, சுத்திச் சுத்தித் தலை இடிக்குதடா. ஒரு வீட்டையும் காணேல்லை. எல்லாம் மரம். ஊர் எங்கை?”

“எந்த ரவுண்டபௌட்டிலை நிக்கிறியள், அண்ணை?”

“எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு!”

பெரியப்பாவில் பிழையில்லை. தெருவோரங்களில் மண்மேடு போட்டு, லட்சக்கணக்கில் மரமும் பற்றையும் நட்டு, வீடுகளைக் கண்ணில் படாமல் மறைத்திருந்தார்கள். மணிக்கு 60, 70 மைலில் போகிறவனுக்கு அது காடுதான். அப்பாவுக்கும் வழி சொல்லத் தெரியவில்லை. அவர் அறிந்த ஊரில் ரவுண்டபௌட்டே கிடையாது. கடைசியில் பெரியப்பா பக்கத்துக் கடையின் பெயரை வாசித்துக் காட்ட, அப்பா சைக்கிளில் ரெட்வேயால் போய் அவரைப் பிடித்தார். திரும்பும்போது அப்பா காரில் ஏற, மறுபடியும் இருவருமாகத் தொலைந்தார்கள்.

மில்டன் கீன்ஸ் என்றதும் வெளியூர்க்காரர் கொங்கிறீட் மாடுகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1978இல் லிஸ் லே என்ற கலைஞர் செய்தவை. அவை அப்போது பான்க்ரொஃப்டில் நின்றன, எங்களுக்குத் தூரம். எங்களுக்குப் பக்கத்தில், பேர்ட்ரீ பிரிட்ஜில், கால்வாய்க்கு அருகே, கொங்கிறீட்டில் ஒரு டைனோசர் நின்றது. என்னைக் கேட்டால் மாடுகளைவிட அதுதான் விசேஷம். ஏறலாம், கொம்பைப் பிடித்துத் தொங்கலாம். முதுகு சொரசொரவென்று தொடையைச் சிராய்க்கும். மேலே மேலே பெயின்ற் அடித்ததில், உரிந்த இடங்களில் பழைய நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். நகத்தால் சுரண்டி, எனக்கு முதல் வந்த பிள்ளைகளின் பச்சையையும் மஞ்சளையும் தேடுவேன்.

1979இல் மார்கிரெட் தட்சர் திறந்துவைத்த கடைத்தொகுதிக்குக் குளிர்காலத்தில் போவோம். நீளமான கண்ணாடிக் கட்டடம், உள்ளே மரங்கள், பளிங்கு மாதிரித் தரை. வாங்குவது குறைவு. உள்ளே சூடு, அதுவும் சும்மா. அம்மா கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை நடப்பா. இந்த ஊருக்கு உயிரில்லை என்று லண்டன்காரர் எழுதியதை எவ்வளவோ வாசித்துவிட்டேன். அவர்கள் காரை விட்டு இறங்கவில்லை என்றுதான் தோன்றும்.

அப்பா ஒருவழியாகப் பழைய நிசான் ஒன்று வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏறினோம். ரெட்வேயால் கால்மணித்தியாலத்தில் நடந்துவிடும் கால்வாய்க்கரைக்குத்தான் பயணம். எங்கள் சுரங்கத்தை மேலிருந்து பார்க்க நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பி வேலி வந்தது, போனது. அவ்வளவுதான். அப்பா ஒரு ரவுண்டபௌட்டில் திரும்பாமல் விட்டு, அடுத்ததில் தவறித் திரும்பி, அதற்கடுத்ததைச் சுற்றத் தொடங்கினார். தங்கை அழ ஆரம்பித்தாள். பின்னால் எவனோ ஹோர்ன் அடித்தான்.

“இஞ்சேருங்கோ,” என்றா அம்மா, “காரை எங்கையாவது ஓரமா விட்டிட்டு நடப்பமே? எனக்கு வழி தெரியும்.”