பாம்பன் கரையில் காயும் பாசி

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்ப்பது ரயில் பாலத்தைத்தான். 1914இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுப்பகுதி மட்டும் செங்குத்தாக மேலே எழும்பும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு செல்ஃபிக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அதைத் தாண்டித் தீவுக்குள் போய், கோயில் சாலையை விட்டு வடக்கே சம்பை, ஓலைக்குடா பக்கம் திரும்பினால் யாத்ரீகர் நடமாட்டம் குறைந்துவிடும். கரையில் மூங்கில் கழிகள் அடுக்கிக் கிடக்கும். நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பெண்கள் உட்கார்ந்து கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அது கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் கடல்களைப் பூர்வீகமாகக் கொண்டது. இந்தக் கரையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ‘பெப்சிப் பாசி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வேலை பொறுமையைச் சோதிக்கும். பத்தடிக்குப் பத்தடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் பாசித் துண்டு. ஒரு மிதவைக்கு 400 முடிச்சு, சுமார் 60 கிலோ விதைப்பாசி. அடியில் வலை கட்டாமல் கடலில் விட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். 45 நாளில் பாசி மூன்று நான்கு மடங்கு பெருகும். அறுத்துக் கரையில் காயப்போட்டால் பத்துக் கிலோ ஈரப்பாசி ஒரு கிலோவாகச் சுருங்கும். காசு அந்த ஒரு கிலோவுக்குத்தான்.

பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளை இந்தப் பாசியை நம் கடலுக்குப் பழக்கியது. 2000 வாக்கில் பெப்சிகோ அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கிப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு பாசி வளர்த்தது. 2008இல் அக்வாஅக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2001இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2013 வாக்கில் 1,490 டன்னைத் தொட்டது. வங்கிக் கடன், குழுக் கணக்கு, வீட்டில் பெண் கைக்கு வந்த ரொக்கம் என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது புதிய அனுபவம்.

அடி அங்கேதான் விழுந்தது. கடல் சூடேறி, நோய் கண்டு, 2013க்குப் பிறகு மிதவை மிதவையாகப் பாசி செத்தது. ஒற்றைப் பயிரை, அதுவும் ஒரே தாய்ச்செடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி நட்டதை நம்பியதன் விலை அது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னொரு சிக்கலும் முளைத்தது. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளில் குருசடையும் ஒன்று.

மிதவைக்கு முன்பே, பெப்சிக்கு முன்பே, இங்கே பாசித் தொழில் இருந்தது. சின்னப்பாலம், பாரதிநகர்ப் பெண்கள் வத்தையில் ஏறித் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளுக்குப் போவார்கள். கண்ணில் முக்குளிப்புக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். மரிக்கொழுந்தில் கிடைப்பது அகர், கட்டக்கோரையில் அல்ஜினேட். ஐஸ்கிரீமிலிருந்து ஆய்வகத் தட்டு வரை போகும் சரக்கு. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை இவர்கள் தாங்களாகவே கைவிட்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இவர்களின் உரிமைக்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. பூங்கா எல்லைக்குள் நுழையத் தடை என்று வனத்துறை சொல்வதும், பாட்டி காலத்திலிருந்து பறித்த பாறை எங்களுடையது என்று இவர்கள் சொல்வதும் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பாறை மொட்டையாகிவிடாமல் காத்தவர்களில் இந்தப் பெண்களையும் சேர்ப்பதே நியாயம்.

இப்போது அரசு பாசியைப் பெரிய அளவில் பேசுகிறது. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 127.71 கோடி ரூபாய். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை போடும் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு. முங்கிப் பறிப்பவளிடம் மிதவை ஏது? அவளுக்கு முன்பணம் கொடுப்பவர் வியாபாரி. முன்பணம் வாங்கியவளால் விலை பேச முடியாது.

கரையில் நடப்பது காயவைப்பதோடு சரி. காய்ந்த பாசி மூட்டை கட்டி மதுரைப் பக்க அகர் ஆலைகளுக்கும், மானாமதுரை ஆலைக்கும் லாரி ஏறுகிறது. லாபத்தின் பெரும்பங்கு அந்த லாரியோடு போய்விடுகிறது. அகர் எடுப்பது பெரிய வித்தை அல்ல: கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்து, காயவைக்க வேண்டும். ஆனால் நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும். ராமநாதபுரத்தில் குடிதண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்கள் இருக்கின்றன. எனவே வளமாவூர்ப் பூங்காவில் ஆலை வைத்தால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சம்பைக்காரர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. சின்னப்பாலத்துப் பெண்கள் கேட்க வேண்டியவை வேறு. மரிக்கொழுந்தைத் தரம் பார்த்து, எடை போட்டு, அன்றைக்கே காசு கொடுக்கும் கொள்முதல் நிலையம் அந்தப் பூங்காவில் இருக்குமா? வியாபாரியின் முன்பணத்தை அடைக்க வங்கி கடன் கொடுக்குமா?